கேமரன் மலையில் மழை பெய்தால்...



கேமரன் மலை என்றதும் குளிரும் தேயிலையும் ஸ்ட்ராபெரியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். விடுமுறை கிடைத்தால் குடும்பத்தோடு காரில் ஏறி, தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ மேலே போய் இரண்டு நாள் தங்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே பிழைக்கும் மக்களுக்கு அந்த ஊர் மழை வேறு கணக்கு.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். அடிவாரத்தில் 32 டிகிரி வெயில் அடிக்கும்போது மேலே 23 டிகிரிதான் இருக்கும். குளிருக்குக் காரணம் இந்த உயரம். மழைக்கும் இதுவே காரணம். காலையில் வானம் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கிலுள்ள ஈரக் காற்று சூடாகி மலைச்சரிவில் மேலேறும். ஏறியதும் குளிர்ந்து மேகமாகும். நண்பகலுக்குள் பிரிஞ்சாங் உச்சி மறைந்துவிடும், பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மழை கொட்டும். காலை வெயிலை நம்பி ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெண்மணி அங்கே யாரும் இல்லை!

ஆண்டுக்கு இரண்டு முறை மழை உச்சத்தைத் தொடும். ஒன்று ஏப்ரல், மே மாதங்களில். மற்றொன்று அக்டோபர், நவம்பரில். பருவக்காற்று திசை மாறும் இடைக்காலம் இது. காற்று பலமாக வீசாததால், ஒரு பள்ளத்தாக்கில் எழுந்த மேகம் வேறெங்கும் போகாமல் அங்கேயே கரைந்து கொட்டுகிறது. ரிங்லெட்டில் வெள்ளம் ஓடும் நேரத்தில் கம்போங் ராஜாவில் தூறல்கூட இல்லாமல் போவதும் உண்டு. ஆகவே 'கேமரன் மலையில் மழை' என்ற ஒற்றை வரி அறிவிப்பு, அங்கே வாழ்பவருக்குப் பாதிச் செய்திதான்.

தீபாவளியும் பெரும்பாலும் இந்த இரண்டாவது மழைக்காலத்தில்தான் வருகிறது. 2013-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தபோது, அக்டோபர் 23-ஆம் தேதி அதிகாலையில், தொடர் மழையால் நிரம்பிய ரிங்லெட் அணையின் நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உறக்கத்தில் இருந்த மக்களின் வீடுகளுக்குள் சேற்று வெள்ளம் புகுந்தது. உயிர்களும் பலியாயின. மறு ஆண்டு, 2014 நவம்பர் 5-ஆம் தேதி, அதே வட்டாரத்தில் மீண்டும் மண்சரிவும் சேற்று வெள்ளமும்.

ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை என்றால், மழையை மட்டும் குறை சொல்வது நியாயமாகுமா? காடு இருந்தவரை மழைத்துளி முதலில் இலையில் விழுந்தது, பிறகு பாசியில், பிறகு மக்கிய சருகில். மண்ணுக்குள் மெல்ல இறங்கி, நாள்கணக்கில் கசிந்து ஓடையில் சேர்ந்தது. இப்போது சரிவுகளில் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. கூரையில் விழும் நீர் ஒரு சொட்டும் மண்ணுக்குள் போகாமல் ஒரே பாய்ச்சலாக ஓடைக்கு வருகிறது, வரும் வழியில் வெட்டிப்போட்ட மண்ணையும் இழுத்து வருகிறது. 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் நீர்த்தேக்கத்தில், நீர் நிற்க வேண்டிய இடத்தில் கணிசமான பகுதியை இந்த மண்தான் அடைத்துக்கொண்டது. தேயிலைச் செடியையும் மனிதர்தான் நட்டார்கள். ஆனாலும் தோட்டத்து முன்னோர்கள் நட்டுவளர்த்த செடிகளின் வேர் இன்றும் சரிவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

காய்கறி விவசாயியின் மீது பழியைப் போட்டுவிட்டுப் போவதும் எளிதல்ல. அவர் பயிரிடும் கீரையும் கோசும் கோலாலம்பூர், சிங்கப்பூர் சந்தைகளுக்கு வருகின்றன. மழையில் திறந்தவெளிப் பயிர் அழுகிவிடும் என்பதால்தான் கூரை போடுகிறார். வடிகாலும் மண் தேங்கும் குழியும் இல்லாமல் கூரை மட்டும் போடுவதுதான் வினை.

சரிவு நாள்காட்டி பார்ப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சுங்கை ருயில் பூர்வகுடியினர் குடியிருப்பில் எழுவரைப் பலிகொண்ட மண்சரிவு நேர்ந்தது 2011 ஆகஸ்டில். புளூ வேலியில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஐவர் மாண்டது 2024 ஜனவரியில். இரண்டும் மழை உச்சமான மாதங்கள் அல்ல. மண் ஏற்கெனவே நீரைக் குடித்து ஊறியிருந்தால், மழை நின்று சில மணி நேரம் கழித்தும் அது சரியலாம்.

மலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே ஏறி, இறங்குவதையும் காலையிலேயே வைத்துக்கொள்ளட்டும். அங்கே குடியிருப்பவர்கள் பார்க்க வேண்டியவை வேறு. வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் புதிய வெடிப்பு, நேராக நின்ற மரம் சாய்வது, தெளிந்த ஊற்று கலங்கி வருவது. எல்லாவற்றிலும் முக்கியமானது ஓடையின் சத்தம். மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஓடையில் நீர் திடீரெனக் குறைந்தால், நிம்மதியாகப் படுக்கக் கூடாது. மேலே எங்கோ மண் சரிந்து நீரை அடைத்திருக்கலாம். பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு உடனே மேட்டுப் பகுதிக்குப் போய்விட வேண்டும்.