கடலில் ஒரு கோடு
(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மீனவரான புனித இராயப்பரின் பெயராலேயே இராயபுரம் அமைந்தது என்பர். கடல் நமக்குப் புதிதன்று. ஆயினும் இந்நன்னாளில், கடலிலே இடப்பட்ட ஒரு கோட்டைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச விழைகிறோம்.

1960-களிலிருந்து விசைப்படகுகள் பெருகின. அவை கடலடியைச் சுரண்டும் இழுவை மடிகளால் இறாலை வாரின. இறால் மிகுந்திருப்பது கரையோரக் கடலில். கட்டுமரக்காரர் வலை விரிப்பதும் அங்கேதான். வலைகள் அறுந்தன. 1970-களின் இறுதியில் தமிழகக் கடற்கரையெங்கும் கலகம் மூண்டது. உயிர்களும் பலியாயின.

அந்தக் கண்ணீரிலிருந்து பிறந்ததே 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 5.5 கிலோமீட்டர் வரை சிறு கலங்களுக்கு எனக் கோடு வரையப்பட்டது. விசைப்படகுகள் அதற்கு அப்பால் செல்லவேண்டும் என அன்று விதிக்கப்பட்டது. 2001 முதல் மீன்கள் இனம் பெருக்கும் காலத்தில் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடை வந்தது. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாயிற்று.

இக்கோடு யாருக்கும் பகையன்று. கரையோரக் கடலும் கழிமுகமும் மீன்களின் தொட்டில். பல இறால் இனங்களின் குஞ்சுகள் கழிமுகத்தில் வளர்ந்தே கடலுக்குச் செல்கின்றன. தொட்டிலைச் சுரண்டினால், நாளை விசைப்படகின் மடியும் வெறுமையாகும்.

ஆனால் கோடு மீனவரை மட்டுமே கட்டுகிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் பரவிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தது. அனல்மின் சாம்பலும் அங்கே படிந்துள்ளது. படகுக்கு எல்லை வகுத்தவர்கள் துறைமுகத்துக்கும் ஆலைக்கும் எல்லை வகுக்கட்டும் எனக் கேட்பது நம் உரிமை.

அவ்வுரிமையைக் கேட்கும் நாவு தூயதாயிருக்க வேண்டும். இக்கோவிலில் விசைப்படகு உரிமையாளரும் ஃபைபர் படகுக்காரரும் அருகருகே முழந்தாளிடுகிறார்கள். இரவில் கோட்டைத் தாண்டிக் கரைப்பக்கம் மடி இழுத்தால், அறுபடுவது பக்கத்தில் முழந்தாளிட்டவரின் வலையே! கடலெங்கும் காவலர் நிற்க இயலாது. அங்கே மனச்சான்றே காவல்.

யூபிலிக் காணிக்கையாக ஒன்று கேட்கிறோம். நம் பங்கின் எந்தப் படகும் அக்கோட்டை மீறாதிருக்கட்டும். பின்பு யாவரும் ஒன்றாய்ச் சென்று, கழிமுகத்துக்காகக் குரல் கொடுப்போம்.