டீச்சரும் சாரும்

(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆசிரியைகள் சார்பில் ஆற்றிய உரை)



அச்சங்குளத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் பள்ளிகளுக்குச் சென்று கற்பிக்கும் ஆசிரியைகள் நாங்கள். எங்களை யாரும் ஏசியதில்லை. எங்கள் பள்ளிகளில் சம்பளமும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். எங்கள் சங்கடம் புகழ்ச்சியாக வருகிறது. அதனால்தான் மறுக்க வாய் வருவதில்லை.

தாய் விடியலிலேயே பட்டாசு ஆலை வேனில் போய்விட, தலைவாராமல் வரும் பிள்ளையை, "டீச்சர்தான் அம்மா மாதிரி பார்ப்பார்" என்று எங்களிடம் விடுகிறார்கள். மகிழ்ச்சியோடு வாரிவிடுகிறோம். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் கோலமும் ஆரத்தித் தட்டும் டீயும் டீச்சர் பொறுப்பு. அதிகாரியோடு அமர்ந்து கணக்கு காட்டுவது சார் பொறுப்பு. கன்னியர் மடப் பள்ளியில் படித்த நாங்கள், மணி அடிப்பதிலிருந்து கணக்கு எழுதுவதுவரை சிஸ்டர்களே செய்யக் கண்டவர்கள். கணக்கு நோட்டு பெண்களுக்குக் கனமானது என்று வேலைக்கு வந்த பிறகே அறிந்தோம்!

எங்களில் ஒருவர் கணிதப் பட்டதாரி. ஒன்பது ஆண்டுகள் ஆறாம் வகுப்பு எடுத்தவர், பத்தாம் வகுப்பு கேட்டார். "மாலை வகுப்பு உண்டே, உங்களுக்கு வீடு இருக்கிறதே டீச்சர்" என்றார்கள், அன்பாகத்தான். அந்த வகுப்பைப் பெற்ற சாருக்கும் வீடு உண்டு. பின்னர் தலைமைப் பொறுப்பு பற்றிப் பேச்சு வந்தபோது, "பத்தாம் வகுப்பு அனுபவம் இல்லையே" என்றார்கள்.

எழுதிய விதியென்றால் எதிர்த்துக் கேட்கலாம். அயர்லாந்தில் 1934 முதல், புதிதாகத் தகுதிபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை மணம் முடித்தால் வேலையை விட வேண்டும் என்று விதி இருந்தது, 1958-இல் நீக்கினார்கள். நம் தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, ஏற்கெனவே இரு குழந்தைகள் உண்டு என்று பேறுகால விடுப்பை மறுத்தார்கள். மறுமணத்தில் பிறந்த முதல் குழந்தை அது. அவர் உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2025 மே 23 அன்று வென்றார். எங்கள் கால அட்டவணையில் அப்படி எந்த விதியும் எழுதப்படவில்லை. எதைக் காட்டி நாங்கள் வழக்காடுவது?

இப்பந்தலில் பள்ளி நிர்வாகத்தார் பலர் இருக்கிறீர்கள். வருகிற ஜூனில் அட்டவணை போடும்முன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். டீ போட மறுக்கவில்லை. சார்களோடு முறைவைத்துப் போடுகிறோம்.