குந்தாணியும் துவாரசமுத்திரமும்

(நம் சங்கத்தார் ஓசூரில் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஓசூர்ச் சங்கமும் கிருஷ்ணகிரிச் சங்கமும் மாணவர் விடுதி நிதியைக் குறித்து வழக்காடி வந்ததும், இருதிறத்துப் பெரியோரும் இடைநின்று அவ்வழக்கை நிறுத்திவைத்ததும் தாங்கள் அறிந்தனவே. இனி இரண்டும் ஒன்றாதல் வேண்டுமா என்பதே இன்று தங்கள் முன் நிற்கும் வினா. அதற்கு விடை கூறுமுன், இம்மண்ணில் நிகழ்ந்த பழஞ்செய்தி ஒன்றைத் தங்கட்கு நினைவூட்ட விழைகின்றோம்.

ஹொய்சள வேந்தனாகிய சோமேசுவரனின் இராச்சியம் 1254ஆம் ஆண்டளவில் இரு கூறாயிற்று. கன்னட நாட்டுப் பெரும்பகுதி துவாரசமுத்திரத்திலிருந்து ஆண்ட மூன்றாம் நரசிம்மனுக்கும், தமிழ்நாட்டுப் பகுதியும் கோலார்ச் சீமையும் இராமநாதனுக்கும் சென்றன. இருவரும் ஒரு தந்தைக்கு இரு தாயர் வயிற்றில் பிறந்தவர். இராமநாதன் முதலில் திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரிலிருந்து ஆண்டான். பாண்டியர் கை ஓங்கவே, அதனை இழந்து, மேட்டு நிலத்தை அடைந்து, குந்தாணியைத் தலைநகராக்கிக் கொண்டான். அக்குந்தாணி வேறெங்கும் இல்லை. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சின்னக்கொத்தூரை ஒட்டியதே அது.

பாகம் பிரிந்தும் பகை தீர்ந்ததோ எனின், தீரவில்லை. தெற்கே பாண்டியர் வளர்ந்துவர, இத்தாயாதிகள் தம்முள் பொருதனர். அடிபட்டவர் இரண்டு அரசுக்கும் இடையே வாழ்ந்த குடிகளே.

நரசிம்மன் மகன் மூன்றாம் வல்லாளன் 1292இல் முடிசூடினான். இராமநாதன் 1295இல் மறைந்தான். அவன் மகன் விசுவநாதனும் நெடுங்காலம் ஆளவில்லை. 1300ஆம் ஆண்டையொட்டி இரு பங்கும் வல்லாளன் குடைக்கீழ் ஒன்றாயின.

நிற்க. ஒன்றாக்கிய பின் அவ்வரசன் செய்தது யாது? இதனையே தாங்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். 1301இல் அவன் ஒரு கட்டளை பிறப்பித்தான். குந்தாணி இராச்சியம், முரசு நாடு, மாசந்தி நாடு, குவளால நாடு, கைவார நாடு முதலிய பகுதிகளின் மடத்தலைவர்க்கும் கோயில் தானத்தார்க்கும் விடுத்த கட்டளை அது. தேவதானம், திருவிடையாட்டம், மடப்புறம், பள்ளிச்சந்தம் ஆகிய நிலங்களின்மீது அதுவரை தண்டிவந்த வரிகளை நீக்கி, அவற்றைப் பூசைக்கும் திருப்பணிக்கும் விட்டான். துவாரசமுத்திரத்து அரசனின் அக்கட்டளை தமிழிலே, பல ஊர்க் கோயில்களில் கல்லில் வெட்டப்பட்டது. நேற்றுவரை மாற்றான் குடிகளாயிருந்தோரை அவன் அவர்தம் மொழியிலேயே அழைத்தான். பழைய பாரத்தை இறக்கினான். அதன் பின்னரே அவர்கள் அவன் குடிகளாயினர்.

இதற்கு மாறானதும் அவன் வாழ்விலேயே உண்டு. 1342ஆம் ஆண்டையொட்டி, மதுரைச் சுல்தானின் படையினர் காத்துநின்ற கண்ணனூரை வல்லாளன் முற்றுகையிட்டான். அவன் பாட்டன் சோமேசுவரன் வீற்றிருந்த பழைய ஊரே அது. உள்ளிருந்தோர் தம் சுல்தானுக்குச் செய்தி விடுக்கத் தவணை கேட்க, 14 நாள் போர் நிறுத்தம் அளித்தான். அத்தவணைக்குள் சுல்தான் திடீரெனப் பாய்ந்து, எண்பது வயதினனாகிய அவ்வேந்தனைப் பிடித்துக் கொன்றான் என்று அக்காலத்து யாத்திரிகர் இபின் பதூதா எழுதிவைத்துள்ளார். வாள் உறைக்குள் இருப்பது ஒன்று. மனம் ஒன்றுவது வேறொன்று.

சபையோர்களே! நாமும் இன்று தவணையில் நிற்கின்றோம். வழக்கு நின்றதே ஒழிய முடியவில்லை. இதற்குள் ஓசூர் தொழிற்சாலைகளை நாடிப் பல சீமைகளினின்றும் வந்த நம் குடும்பத்தார் எத்தனையோ பேர்! அவர்கள் எந்தச் சங்கத்தின் பேரேட்டிலும் இல்லை. எல்லைக்கு அப்பால், அத்திப்பள்ளியிலும் ஆனேக்கல்லிலும் கன்னடத்தில் கற்கும் நம் பிள்ளைகளையும் இரு சங்கமும் எண்ணியதில்லை. நாம் நிதிக்கு வழக்காடிய காலத்தில் விடுதி பூட்டிக் கிடந்தது. ஏழைப் பிள்ளைகள் சிலர் படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றனர். இதில் இரு சங்கத்தார்க்கும் பங்குண்டு, நாமும் விலக்கல்லோம்.

ஆதலால் நாம் வேண்டுவன மூன்று. வழக்கை இருதிறத்தாரும் அறவே திரும்பப் பெறுதல் வேண்டும். இருதிறத்துப் பழைய சந்தா பாக்கியையும் ஒருசேரத் தள்ளிவிடுதல் வேண்டும். வரும் பள்ளி ஆண்டின் தொடக்கத்திலேயே விடுதியைத் திறந்து, எப்பக்கத்துப் பிள்ளை, எம்மொழியிற் கற்கும் பிள்ளை என்று வினவாது இடமளித்தல் வேண்டும். தலைவர் யார், செயலாளர் யார் என்பதைப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம்.

குந்தாணியில் இன்று அரசனும் இல்லை, படையும் இல்லை. பாரம் நீக்கிய கட்டளை மட்டும் கல்லில் நிற்கின்றது. நம் ஐக்கியத்துக்கும் அத்தகைய கல் ஒன்று வேண்டும். திறந்த விடுதியே அக்கல்லாகுக.