அம்மா, போகாதே!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



கடன், தவணை பத்தி எப்பவும் பேசுறோம். இன்னைக்குப் பிரிவுப் பயம் பத்திப் பேசலாம். இடுப்பை விட்டு இறங்காத பிள்ளையோடதான் பாதிப் பேர் கூட்டத்துக்கு வர்றீங்க, அதனால இது உங்களுக்குப் புது விஷயம் இல்லை.

ஏழெட்டு மாதம் வரை யார் கூப்பிட்டாலும் போன குழந்தை, திடீர்னு அம்மா எழுந்தாலே வீறிட்டு அழும். 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா' என்று மாமியார் சொல்வாங்க. அது செல்லமில்லை, வளர்ச்சி. அம்மா வேற, மத்தவங்க வேற என்று பிள்ளைக்குத் தெரிஞ்சிடுச்சு. போன அம்மா திரும்பி வருவா என்பதுதான் இன்னும் தெரியலை. ஒன்றரை வயசு வரை இது அதிகமா இருக்கும், மூணு வயசுவாக்கில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அங்கன்வாடியில் விடும்போது, பிள்ளை பொம்மையைப் பார்க்கிற நேரத்தில் நைசா நழுவிடுறோம். அன்னைக்கு வேலை நடக்கும். ஆனா, கண்ணை எடுத்தா அம்மா காணாமப் போயிடுவா என்று பிள்ளை கத்துக்கும். மறுநாள் சேலையை விடாது. சொல்லிட்டே போங்க. 'மூணு மணிக்கு வர்றேன்' என்றால் அதுக்கு என்ன தெரியும்? 'மதியம் சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வர்றேன்' என்று சொல்லுங்க. சொன்னபடி போய் நில்லுங்க. 'உன்னை விட்டுட்டு ஓடிப்போயிடுவேன்' என்று மட்டும் விளையாட்டுக்குக்கூட மிரட்டாதீங்க.

பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு இது வேற மாதிரி வரும். காலையில் வயிற்றுவலி, தலைவலி. ஞாயிற்றுக்கிழமை ஒண்ணும் இருக்காது. நடிப்பு என்று அடிக்காதீங்க, பயத்தில் வயிறு நிஜமாவே வலிக்கும். முதலில் பள்ளியில் யாராவது அடிக்கிறாங்களா, வழியில் யாராவது தொந்தரவு பண்றாங்களா என்று தனியா உட்கார வைத்துக் கேளுங்க. அப்படி இருந்தா அது நோயே இல்லை, 1098-க்கு போன் பண்ண வேண்டிய விஷயம். அப்படி எதுவும் இல்லாமல் நாலு வாரம் தாண்டினால் சிகிச்சை வேண்டும். வேப்பிலை அடிக்கிறதை நான் தடுக்கலை, அதோடு நிறுத்திடாதீங்க.

சிகிச்சை என்றதும் மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம். ஆலோசகர் துணையோடு படிப்படியாகப் பழக்குவதுதான் முக்கியம். இந்த வாரம் வகுப்பு வாசல் வரை கூடப் போறது, அடுத்த வாரம் கேட் வரை, அப்புறம் தெருமுனை வரை. பாவம் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பயம்தான் வளரும். ரொம்ப முற்றினால் மட்டும் டாக்டர் மருந்து தருவார்.

பெரியவங்களுக்கும் இது வரும். சின்ன வயசில் வந்தால்தான் உண்டு என்று டாக்டர்களே ரொம்ப நாள் நினைத்தார்கள். 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடுதான் பதினெட்டு வயசுக்குப் பிறகும் புதிதாக வரலாம் என்று ஏற்றுக்கொண்டது. கணவர் வெளிநாட்டில், ஒரு தடவை போன் எடுக்கலைன்னா நெஞ்சு படபடக்கும், சோறு இறங்காது. இன்னொருத்தர் மகளைக் கல்லூரி விடுதிக்கு அனுப்பவே மாட்டார். பாசக்காரி என்று ஊர் மெச்சும். படிப்பு நின்னுபோன மகளை யார் கேட்கிறாங்க?

ஆறு மாதமா இப்படி இருந்து, வேலையும் தூக்கமும் கெட்டால், மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்க. 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைக் குழு நோட்டு அட்டையில் எழுதி வைங்க. தனியாப் போகக் கூச்சமா இருந்தா உங்க பகுதிக் களப்பணியாளரிடம் சொல்லுங்க, கூட வருவாங்க.