படர்தாமரைக்கு டியூப் வாங்கும் முன்…

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆய்வக நுட்பனர் ஒருவர் பேசியது)



2021-ல் கொரோனா நேரத்தில் கருப்புப் பூஞ்சை என்று கேட்டு எல்லோரும் நடுங்கினோம். ஆனால் பல வீடுகளில் சத்தமில்லாமல் குடியிருக்கும் பூஞ்சை வேறு. அதுதான் படர்தாமரை. பாவாடை நாடா கட்டும் இடம், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று வியர்வை தங்கும் இடத்தில் வட்டமாகப் படரும். மெப்ஸ் கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்கும் வரும், சித்தாள் வேலைக்குப் போகிற அக்காவுக்கும் வரும். இது சாமி குற்றமும் இல்லை, ஒழுக்கக் கேடும் இல்லை.

இடம் அப்படிப்பட்டது என்பதால் வெளியே சொல்ல வெட்கம். மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் வாங்கித் தடவுகிறோம். "ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுடுச்சே, நல்ல மருந்துதானே?" என்று கேட்பீர்கள்.

அங்கேதான் ஏமாற்று. அப்படி விற்கும் பல டியூப்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது அரிப்பையும் சிவப்பையும் அமுக்கும், பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்புச் சக்தி குறைவதால் பூஞ்சை இன்னும் பரவும். நாளாக நாளாகத் தோல் மெலிந்து வரி வரியாகத் தழும்பு விழும். அந்தத் தழும்பு போகாது. இதனால்தான் ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது.

இன்னொரு விஷயம். பூஞ்சையும் மாறிவிட்டது. நம் நாட்டில் இப்போது அதிகம் பரவுகிற வகைக்கு ட்ரைக்கோஃபைட்டான் இந்தோடினியே என்று பெயர். 2020-ல் வைத்த பெயர். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. படர்தாமரைக்கு வழக்கமாகத் தரும் டெர்பினஃபைன் மாத்திரை இந்த வகையில் பலவற்றுக்குக் கேட்பதில்லை. அதனால்தான் மாசக்கணக்கில் தடவியும் போகாமல் வீடு முழுக்க ஒட்டுகிறது.

அப்படியானால் எந்தப் பூஞ்சை, எந்த மருந்து என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் பரிசோதனை. வட்டத்தின் ஓரத்தில் தோலை லேசாகச் சுரண்டி எடுப்போம். வலிக்காது, ரத்தம் வராது. அதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விட்டால் தோல் கரைந்து, பூஞ்சை நூல் நூலாக மைக்ராஸ்கோப்பில் தெரியும். பூஞ்சை இருக்கா இல்லையா என்று அன்றைக்கே சொல்லலாம்.

எந்த வகை என்று அறிய அதை வளர்க்க வேண்டும். சுரண்டிய தூளைச் சத்துக் கூழில் போட்டு வைத்தால், ஊறுகாயில் பூசணம் பூக்கிற மாதிரி வளரும். அவசரப்படுத்த முடியாது, நாலு வாரம்கூட ஆகும்.

அதன் பிறகு மருந்துச் சோதனை. இட்லித் தட்டு மாதிரி ஒரு தட்டு, அதில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் மருந்தைக் கூடக் குறைய ஊற்றி, எல்லாவற்றிலும் பூஞ்சையை விடுவோம். எந்தக் குறைந்த அளவில் வளர்ச்சி நிற்கிறதோ, அதை வைத்து மருந்து கேட்குமா என்று கணிப்போம். எல்லா ஊரிலும் இந்தச் சோதனை கிடையாது, எல்லோருக்கும் தேவையும் இல்லை. மருந்து சாப்பிட்டும் ஆறாதவர்களுக்கு டாக்டர் எழுதித் தருவார்.

நாம் செய்ய வேண்டியது இதுதான்:

* அரசு மருத்துவமனையோ செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியோ, பக்கத்தில் இருக்கும் இடத்தில் தோல் டாக்டரைப் பாருங்கள்.
* இதுவரை தடவிய டியூப்பைக் கையோடு கொண்டுபோங்கள். களிம்பு தடவியிருந்தால் சோதனையில் பூஞ்சை தெரியாமல் போகலாம்.
* கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ முதலிலேயே சொல்லுங்கள்.
* வட்டம் மறைந்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன நாள் வரை போடுங்கள்.
* வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ, எல்லோரும் சேர்ந்து வைத்தியம் செய்யுங்கள். துண்டு, உள்ளாடை தனித்தனியாக இருக்கட்டும். நல்ல வெயிலில் காயட்டும்.

சந்தா, கடன் பற்றிப் பேசுகிற குழுக் கூட்டத்தில் அஞ்சு நிமிஷம் இதையும் பேசுங்கள். ஒருத்தி வாய் திறந்தால் பக்கத்தில் இருப்பவளுக்கும் தைரியம் வரும்.