சூளையில் வேகாத செங்கல்

குன்றத்தூர் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வீடாவது கட்டிக்கொண்டிருப்பார்கள், வாசலில் செங்கல் அடுக்கியிருக்கும். அது சூளையில் ஏறத்தாழ 1000 டிகிரியில் வெந்து வந்த கல். அப்படி வேகவைக்காமலே இறுகும் கல்லும் உண்டு: ஜியோபாலிமர். 1970-களின் கடைசியில் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ் வைத்த பெயர் அது. நம்ம தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் கொண்டு இதில் நல்ல வேலை செய்திருக்கிறது.

களிமண்ணிலும் இதைச் செய்யலாம், ஆனால் பச்சைக் களிமண் சரிப்படாது. சீனக் களிமண்ணை 750 டிகிரி வாக்கில் சுட்டால், உள்ளே கட்டுண்ட நீர் வெளியேறி வீரியமான பொடி கிடைக்கும். அதோடு மணலும், காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிகேட்டும் கலந்த கரைசலும் சேர்த்துப் பிசைந்து அச்சில் அடிக்க வேண்டும். பொடியில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, ஒன்றோடொன்று கோத்து இறுகும். பிளாஸ்டிக் தாளால் மூடிவையுங்கள், ஈரம் சீக்கிரம் போனால் வெடிப்பு விடும்.

வீட்டில் செய்ய ஆசைப்படுகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: காஸ்டிக் சோடா தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவில் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, அதை அரித்துத் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். குழந்தைகளைக் கிட்டவே விடாதீர்கள்.

முதல் கற்களைத் தோட்டத்துப் பாத்திக்கு வையுங்கள். வீட்டுச் சுவருக்கு என்றால், பரிசோதனைக் கூடத்தில் வலிமை பார்த்த பிறகுதான்.