கல்லில் நிற்கும் காவலர்
(சவ்வாது மலை, காவலூரில் ஆற்றிய பொழிவு)



காவலூர் என்றதும் உலகோர் நினைவுக்கு வருவது இம்மலைமேல் உள்ள விண்ணோக்கு நிலையமே. 1986இல் இங்கு நிறுவப்பெற்ற 93 அங்குலத் தொலைநோக்கி, பன்னூறாண்டுகட்கு முன் விண்மீன்களினின்று புறப்பட்ட ஒளியை இன்று நமக்குக் காட்டுகின்றது. அத்தகைய பழைய ஒளி ஒன்று இம்மலையைச் சார்ந்த நிலத்திலும் உண்டு. அதனைக் காணத் தொலைநோக்கி வேண்டா. குனிந்து நோக்கும் கண்ணே போதும். செங்கம் வட்டாரத்து நடுகற்களையே கூறுகின்றேன்.

பல்லவன் முதலாம் மகேந்திரவருமன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், மாழை, சுதை ஆகிய நான்குமின்றிப் பாறையைக் குடைந்து முப்பெருந்தெய்வங்கட்குக் கோயில் சமைத்தான். அஃது அருஞ்செயலே, மறுப்பாரில்லை. ஆயின் அச்செய்தியை அவன் பொறித்தது சமற்கிருதத்தில். அவனுக்கடங்கிய கந்தசேனன் குடைவித்த வல்லத்துக் கோயிலிலோ தமிழ்க் கல்வெட்டு உள்ளது.

அதே வேந்தனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுத்தனூரில் ஒரு கல் நடப்பெற்றது. தன் எருமைகளைக் காக்கப் பொருது மாண்டான் கருந்தேவகத்தி என்பான். அவனுக்கு எடுத்த அக்கல்லில் அவன் உருவத்தோடு ஒரு நாயும் நிற்கின்றது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துத் தலைவனைக் காத்து நின்றது என்று அதற்கும் தனியே எழுத்துப் பொறித்துள்ளனர். எந்த மொழியில்? தமிழில்! எந்த எழுத்தில்? வட்டெழுத்தில்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! வேந்தன் தன் புகழை மக்கள் அறியா மொழியில் எழுதினான். ஆநிரை காத்த குடிகளோ ஒரு நாயின் நன்றியையும் தாய்மொழியில் எழுதினர். 1,400 ஆண்டுகளாக நம் மொழியைத் தாங்கி நின்றவர் யார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இவை கைத்திறம் குன்றிய கற்கள் என்பாருளர். கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துள்ளது. சில நடுகற்களுக்கு மூன்று புறமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல்லும் வைத்துள்ளனர். நம் கோயிற் கருவறையின் வேர்களுள் ஒன்று இதுவென்று அறிஞர் பலர் கருதுவர். செங்கம், தருமபுரிப் பகுதிகளில் இக்கற்களை மக்கள் வேடியப்பன் என்று இன்றும் வணங்குகின்றனர். வழிபாடு நிலைத்தது, எழுத்தைப் படிக்கும் அறிவுதான் நம்மை விட்டு நீங்கிற்று.

செங்கம் நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாக வெளியிட்டது. ஆயினும் நூலில் ஏறியதால் மட்டும் கல் காக்கப்பட்டுவிடாது. வரப்பில் சாய்ந்த கல் துணி துவைக்கும் கல்லாவதற்கு ஒரு நாள் போதும். எழுத்தின்மேல் பூசிய வண்ணம் ஒரு வரலாற்றையே மறைத்துவிடும்.

ஆகவே உங்களை வேண்டுவன மூன்று. உங்கள் ஊர்க் கல்லைப் பெயர்க்க விடாதீர்கள். எழுத்திருப்பின் தொல்லியல் துறையினர்க்கு அறிவித்து மைப்படி எடுக்கச் செய்யுங்கள். பிள்ளைகட்கு வட்டெழுத்தைக் கற்பியுங்கள். ஆர்வமிருந்தால் சில கிழமைகளில் எழுத்துகள் பிடிபட்டுவிடும்.

தன் தலைவனைக் கைவிடாத நாயைப் பாடமாக வைத்துவிட்டுப் போயினர் முன்னோர். அவர்தம் கல்லை நாம் கைவிடலாமா?

வாழ்க தமிழ்!